தாள் பத்தவில்லையா? பெட்டியைத் திருப்பி வையுங்கள்

கிறிஸ்துமஸ் பரிசைச் சுற்றும் தாள் கொஞ்சம் பத்தாமல் போனால், பெட்டியின் நான்கு பக்கமும் தாளின் நான்கு மூலைகளைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். ஓரங்களை உள்ளே செருகியபடி ஒவ்வொரு மூலையாக மேலே மடித்தால், நான்கும் நடுவில் வந்து சேரும். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டினால் சரி.

நேராக வைத்தால் பெட்டியின் முழுச் சுற்றளவையும் தாளின் நீளம்தான் எட்ட வேண்டும். திருப்பி வைத்தால் அந்த வேலையை மூலைவிட்டம் செய்துவிடும். பக்கங்களில் தாள் கொத்தாகத் திரண்டு அசிங்கமாகவும் நிற்காது. 20 செ.மீ. சதுரம், 6 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு நேராகச் சுற்ற 52 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டும். இப்படிச் சுற்றினால் 38 செ.மீ. சதுரத் தாள் போதும். பெட்டியின் மேல்பக்க மூலைவிட்டத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள், அதுதான் தாளின் ஒரு பக்க அளவு. வெட்டும் முன் ஒருமுறை மடித்துப் பார்ப்பது நல்லது.

சதுரத்துக்கு நெருக்கமான, தட்டையான பெட்டிகளுக்குத்தான் இது. ஒல்லியாக நீண்ட பெட்டிக்குத் தாள் வீணாகும். அப்புறம், கோடு போட்ட தாளென்றால் கோடெல்லாம் சாய்ந்து தெரியும்.