கிராங்க் செட்டை மாற்றும் முன் ஸ்கேலை எடுங்கள்

போன மாதம் போடிமெட்டுச் சாலையில், முந்தல் தாண்டி, ஒரு தம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு, நான்காவதிலேயே இறங்கிவிட்டார். பின்னால் இருபுறமும் பை, ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே போகின்றன. "அண்ணே, ஊருக்குப் போனதும் கிராங்க் செட்டையே மாத்திடப் போறேன்" என்றார். பெடல் கைகளும் முன் பல்சக்கரங்களும் சேர்ந்ததுதான் கிராங்க் செட்; ஏற்றத்தில் லேசாக மிதிக்கச் சின்னப் பல்சக்கரம் வேண்டும் அவருக்கு. குனிந்து முன் மூன்று சக்கரங்களின் பல் எண்ணிக்கையைப் பார்த்தேன்: 50-39-30. என் பழைய கூத்து அப்படியே கண்முன் வந்தது.

தவிர்க்க வேண்டிய தவறுகள் இவை.

பல்லை மட்டும் எண்ணி முழு செட் வாங்குவது

எனக்கு இன்னும் வயிறு எரிவது இதற்குத்தான். மலைச் சைக்கிளின் 44-32-22 செட் வாங்கி, என் வண்டியில் கிராங்க் மாட்டும் 113 மி.மீ. நீளச் சதுர அச்சிலேயே ஏற்றினேன். அது 122.5 அச்சுக்கான கிராங்க். போல்ட்டை இறுக்கிச் சுற்றினால் கர்ரென்று சத்தம், நடுப் பல்சக்கரம் செயின் ஸ்டேயில் (பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாயில்) உரசிப் பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிகிறது. சரி என்று நீள அச்சு வாங்கினேன். இப்போது செயின்லைன், அதாவது வண்டியின் நடுக்கோட்டிலிருந்து முன் சக்கரங்கள் இருக்கும் தூரம், 45-லிருந்து 50 மி.மீ.க்கு வெளியே போய்விட்டது, செயினைச் சக்கரம் மாற்றித் தள்ளும் முன் டிரெய்லியருக்குப் பெரிய சக்கரம் எட்டவில்லை. அதையும் மாற்றினால், ரோடு சைக்கிளின் கியர் லீவர் இழுக்கும் கேபிள் அளவு மலை டிரெய்லியருக்குப் பொருந்தவில்லை. மூன்று முறை காசு போயிற்று.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: உள் சக்கரத்தின் ஐந்து போல்ட்டில் அடுத்தடுத்த இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பது. 43.5 மி.மீ. வந்தால் அது 74 வட்டம் (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் 74 மி.மீ.), 30-ஐ மட்டும் கழற்றிவிட்டால் 24 பல் சக்கரம் உட்காரும். அச்சும் டிரெய்லியரும் பழையதே இருக்கலாம். பின்னால் 32 பல் என்றால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போன வண்டி இனி 1.6 மீட்டர் போகும். 22 போட்டிருந்தால் 1.47. அந்த 13 சென்டிமீட்டருக்குத்தான் நான் அவ்வளவும் அழுதேன்!

அளவு பெரிதாக வந்தால் 24 வாங்காதீர்கள். 110 வட்டம் கொண்ட இரட்டைச் சக்கர கிராங்கில் 33-க்குக் கீழே இறங்க முடியாது. அங்கே செட்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதற்கு எந்த நீள அச்சு என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

புல்லரை அரைகுறையாக முடுக்குவது

உள் சக்கரத்தை மாற்ற கிராங்கைக் கழற்ற வேண்டும்; அதை அச்சிலிருந்து இழுக்கும் கருவிதான் புல்லர். அதைக் கையாலேயே கடைசி மரைவரை ஏற்றுங்கள். அலுமினிய மரை ஒருமுறை வழித்தால் கிராங்க் குப்பைக்கு.

செயினைச் சின்னதுக்கு அளந்து வெட்டுவது

முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் செயினை வைத்து அளங்கள். இரண்டும் சின்னதில் இருக்கும்போது தொங்கினால் தொங்கட்டும்.

39-லிருந்து 24-க்கு அவசரமாக இறக்குவது

செயின் உள்ளே விழும். எனக்குப் பதினோராவது வளைவில், மழையில் விழுந்தது. சீட் டியூபில் (சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில்) மாட்டும் சின்னத் தடுப்பு ஒன்று கிடைக்கிறது. அப்புறம், ஏற்றம் தொடங்கும் முன்பே, மிதியைத் தளர்த்தி இறக்கிவிடுங்கள்.