வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கும்போது மலையில் நாம் செய்யும் தவறுகள்

மே மாத சீசன் முடிந்து சுற்றுலா வண்டிகள் மலை இறங்கியதும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "கையில் மூணு லட்சம் இருக்கு, லோனில் கட்டிடலாமா?" ஹோம்ஸ்டே வைத்திருப்பவரும் கேட்பார், கேரட்டுக்கு நல்ல விலை கிடைத்தவரும் கேட்பார். கட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் எப்படிக் கட்டுகிறோம் என்பதில் லட்சக்கணக்கில் வித்தியாசம் வருகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய்தான். ஐந்து வருடத்தில் 15 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள், அப்போதும் அசல் 26 லட்சத்து 44 ஆயிரம் பாக்கி நிற்கும்.

இப்போது அந்த 3 லட்சத்தைக் கட்டுகிறீர்கள். தவணையைக் குறைக்கவா, வருடத்தைக் குறைக்கவா என்று வங்கியில் கேட்பார்கள். மாதம் மூவாயிரம் மிச்சமாகிறதே என்று பலரும் தவணையைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் மொத்தத்தில் மிச்சமாகும் வட்டி சுமார் 2.3 லட்சம். தவணையைத் தொடாமல் காலத்தைக் குறைத்தால் கடன் மூன்று வருடம் முன்னதாகவே முடியும், மிச்சம் சுமார் 6.4 லட்சம். பணம் அதே 3 லட்சம்தான். வருமானம் குறைந்து தவணை கட்டவே திணறுகிறவர் மட்டும் தவணையைக் குறைக்கலாம். மற்றவர்கள் "காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். நாமே சொல்லாவிட்டால், கூடுதலாகப் போட்ட பணம் அசலில் கழியாமல் அடுத்த தவணைகளுக்கான முன்பணமாகவே கிடக்கவும் கூடும். கட்டிய மறுவாரம் கணக்கு அறிக்கை வாங்கி, அசல் குறைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, நம் மலைக்கே உரிய தவறு. சீசன் பணம் முழுவதையும் ஜூனில் வங்கியில் கட்டிவிட்டுக் கையைக் காலியாக வைத்துக்கொள்வது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கொஞ்ச நாளில் ஐப்பசி மழை வந்துவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சரிவில் கட்டிய வீட்டில் தடுப்புச் சுவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், கல்லும் சிமென்ட்டும் கூலியும் சேர்ந்து லட்சங்களை விழுங்கிவிடும். லோனில் கட்டிய பணத்தை அன்றைக்குத் திருப்பிக் கேட்க முடியாது. நகையை வைக்க வேண்டியதுதான். அதனால் ஆறு மாதச் செலவுக்கும் சுவருக்கும் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைக் கட்டுங்கள். கடன் முடிந்ததும் வீட்டுக் காப்பீட்டை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. மண்சரிவும் அடங்கிய பாலிசியைக் கடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடாதீர்கள்.

நகை என்றதும் நினைவுக்கு வருகிறது. வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் இருக்கும்போதே வீட்டுக் கடனை அடைக்க ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அதை முதலில் முடிக்காமல் 8.5 சதவீதக் கடனை முடிப்பதில் என்ன லாபம்? வீட்டுக் கடன் நம் வாழ்நாளிலேயே மலிவான கடன்களில் ஒன்று. அதன் முறை கடைசியில்தான் வர வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, வரிச் சலுகை போய்விடும் என்று கடனை அடைக்காமலே வைத்திருப்பவர்களும் உண்டு. நாம் குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில்தான் வருடம் 2 லட்சம் வரை வட்டிக் கழிவு கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. பழைய முறையிலும், 20 சதவீத வரி கட்டுபவர் 2 லட்சம் வட்டி கொடுத்தால் 40 ஆயிரத்துச் சொச்சம்தான் மிச்சம்.

அபராதம் போடுவார்கள் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் முன்கூட்டி அடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் என்றால், பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்றும் கேளுங்கள்: ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) இணைந்த வட்டிக்கு மாற்ற எவ்வளவு ஆகும்? அரை சதவீதம் குறைந்தால்கூட நல்லதுதானே.

கடைசித் தவறு எங்கள் வீட்டிலேயே நடந்தது. கடைசித் தவணையைக் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்துவிட்டோம். சில வருடம் கழித்து, தம்பிக்குப் பாகம் பிரிக்க வில்லங்கச் சான்று போட்டபோது அடமானம் அப்படியே நின்றது. கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிவு செய்திருந்தோம், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தைப் பதிய வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதிகாரிகள் மாறிப்போன கிளைக்கு அப்பா மாதக்கணக்கில் நடந்தார். முழங்கால் வலியோடு அவர் பஸ் ஏறி இறங்கியதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

2023 டிசம்பர் முதல் விதி நம் பக்கம் இருக்கிறது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்கிக் கொடுக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். ஆகவே கடைசிப் பணம் கட்டும் அன்றே, ரத்துப் பதிவுக்கு யார் வருவார், எந்தத் தேதியில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கிடைத்த பத்திரங்களை, கடன் வாங்கும்போது கொடுத்த பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பதிவு முடிந்ததும் புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து, ரத்து ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத உறையில் போட்டுப் பீரோவில் வையுங்கள்.