கஜா சாய்த்த தேக்கில் புயலைத் தேடுவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயலில் விழுந்த மரங்கள் ஏராளம். சாய்ந்தும் பிழைத்துக்கொண்டவையும் உண்டு. அப்படி ஒரு தேக்கை யாராவது வெட்டினால், அடிமரத்தில் குறுக்கே வட்டமாக அறுத்த ஒரு வில்லைத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கு ஒன்றாக மரம் போடும் வளையங்களில் புயலின் தடத்தைத் தேடலாம். தென்னையில் இந்த வேலை நடக்காது, அதற்கு ஆண்டு வளையமே கிடையாது. தேக்கு இலையுதிர்த்து மறுபடி துளிர்க்கும்போது பெரிய துளைகளை வரிசையாக வைக்கும், புது வளையம் தொடங்கும் இடம் அதில் தெரியும். அதனால் புதிதாகப் பழகுபவர்களுக்கு அதுதான் வசதி.

1. வெட்டும் முன்பே, சாய்ந்த மரத்தில் வானம் பார்த்த பக்கத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். நான் முதல் தடவை மறந்துவிட்டேன். அந்த வில்லைமேல் இப்போது டீ கிளாஸ்தான் வைக்கிறேன்.

2. நிழலில் காயவைத்து, 80, 120, 240, 400 என்று உப்புத்தாள் போடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் துளைகள் பளிச்சென்று தெரியும்.

3. பட்டையிலிருந்து உள்நோக்கி எண்ணுங்கள். 2024 பிப்ரவரியில் வெட்டியது என்றால் கடைசி வளையம் 2023, ஐந்தாவது 2019. நமக்கு வேண்டியது அந்த 2019தான். கஜா வந்தபோது 2018இன் வளர்ச்சி ஏறக்குறைய முடிந்திருந்தது, மரம் பதில் சொன்னது அடுத்த பருவத்தில். நடுவில் மழை விட்டு மறுபடி பெய்தால் தேக்கு பொய் வளையமும் போடும். அது மங்கலாக இருக்கும், பல சமயம் முழுச் சுற்று ஓடாது. அதனால் இரண்டு திசையில் எண்ணிச் சரிபாருங்கள்.

4. இனி ஸ்கேலை எடுங்கள். 2019 முதல் மேல்பக்க வளையங்கள் அகன்றும், கீழ்ப்பக்கத்தில் ஒடுங்கியும் இருக்கின்றனவா? இருந்தால் அது கஜா சாய்த்ததன் தடமாக இருக்கலாம். சாய்ந்த மரம் நிமிரப் பார்க்கும். தேக்கு மாதிரி அகன்ற இலை மரங்கள் மேல்பக்கத்தில் செல்லுலோஸ் மிகுந்த, லிக்னின் (கட்டைக்கு விறைப்பு தரும் பொருள்) குறைந்த நார்களைச் சேர்க்கும். அவை சுருங்க முயன்று, கயிறு கட்டி இழுப்பதுபோல் தண்டை இழுக்கும். இதற்கு இழுவிசைக் கட்டை என்று பெயர். ஊசியிலை மரங்களுக்கு வழி வேறு, கீழிருந்து முட்டுக் கொடுக்கும். இழுவிசைக் கட்டையை அறுத்தால் நார் சரியாக அறுபடாமல் பஞ்சுபோல் பிசிறி நிற்கும். உப்புத்தாள் போடும் முன்பே தடவிப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், சரி, அடுத்த வில்லையில் பாருங்கள்.

சுற்றிலும் ஒடுங்கிய வளையம் என்றால், கிளையும் இலையும் போய் மரம் பட்டினி கிடந்திருக்கலாம். மழை குறைந்த ஆண்டும் இப்படித்தான் இருக்கும். பக்கத்தில் சாயாமல் நின்ற மரத்தோடு ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள்.

5. மீதி மரம் பலகையானால், ஆசாரி இழைப்புளி போடும்போது கூடவே நில்லுங்கள். ரேகைக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு மடிப்பு தெரிந்தால், காற்றில் வளைந்தபோது அந்த இடத்து நார்கள் நசுங்கியிருக்கலாம். பார்க்க முழுதாக இருந்தாலும் பாரம் ஏறினால் அங்கேதான் முறியும். ஏணிக்கும் உத்தரத்துக்கும் அந்தப் பலகை வேண்டாம்.