“கிலோ எவ்வளவு, அக்கா?”: கல்யாண கேக்குக்கு விலை, வண்டிக்கூலி, அச்சாரம் சொல்லும் முறை

பிறந்தநாள் கேக்கில் கை தேறியதும் ஒரு நாள் கல்யாண கேக் கேட்டு போன் வரும். முதல் கேள்வியே “கிலோ எவ்வளவு, அக்கா?” என்பதுதான். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிட்டால், கல்யாணம் முடியும்வரை அந்த எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நான் அன்று சொன்னது 700 ரூபாய். மூன்றடுக்கு கேக், சர்க்கரைப் பசையில் நாற்பது ரோஜா, இரண்டு இரவு தூக்கம் போனது. கடைசியில் கணக்குப் பார்த்தால், கேக்கை ஏற்றிச் சென்ற வண்டிக்காரர் என்னைவிட அதிகம் சம்பாதித்திருந்தார்.

ஆகவே போனில் விலை வேண்டாம். எத்தனை பேர், எந்த மண்டபம், எத்தனை மணிக்குக் கேக் வெட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, “மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன்” என்று வைத்துவிடுங்கள்.

முதல் படி: அளவு

வட்ட டின்னில் எடை, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 6, 8, 10 அங்குல டின்களுக்கு 36, 64, 100 என்று விகிதம் வரும். ஒரே உயரத்தில் 6 அங்குல அடுக்கு ஒரு கிலோ என்றால், 8 அங்குலம் 1.8 கிலோ, 10 அங்குலம் 2.8 கிலோ. மூன்றும் சேர்ந்து 5.6 கிலோ. ஆளுக்கு 40 கிராம் துண்டு போட்டால், உதிர்வது போக 120 பேருக்கு மேல் எட்டாது. 400 பேர் வருகிறார்கள் என்றால் அடுக்கைக் கூட்டாதீர்கள். மேடைக்கு மூன்றடுக்கு, பந்திக்குப் பூவேலை இல்லாத தட்டையான சதுரக் கேக். இரண்டாவதைக் குறைந்த விலைக்கே கொடுக்கலாம்.

சிலர் நடு அடுக்கைக் கேக்குக்குப் பதில் தெர்மாகோலில் வைக்கச் சொல்லிவிட்டு, “நடு அடுக்கு தெர்மாகோல்தானே, குறைக்கக் கூடாதா?” என்பார்கள். மாவும் முட்டையும்தான் மிச்சம். அதன்மேல் கிரீம் பூசுகிற வேலை அப்படியே இருக்கிறது. சிறிதளவு குறையுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

இரண்டாம் படி: விலை

கல்யாண கேக்கில் நாம் விற்பது பெரும்பாலும் நேரம். கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை எழுதிவையுங்கள். இந்த 5.6 கிலோ கேக்குக்கு என் நோட்டில் இருப்பது: சாமான் வாங்க ஒன்றரை மணி, வேகவைக்க 3, கிரீம் பூசி அடுக்க 3, பூவேலைக்கு 4, வீட்டாரோடு போனில் பேச 1, பாத்திரம் கழுவ ஒன்றரை. ஆக 14 மணி நேரம். போனும் பாத்திரமும் வேலையில் சேராது என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன்.

மணிக்கு 150 ரூபாய் வைத்தால் கூலி 2,100. சாமான்கள் 2,400. உடைந்த முட்டை, வெடித்த கேக் போன்ற சேதாரத்துக்குச் சாமானில் பத்து சதவீதம், 240. பலகை, தாங்குகுச்சி, பெட்டி 650. மின்சாரமும் காஸும் 200. கூட்டினால் 5,590. இதன்மேல் 25 சதவீதம் லாபம் வைத்தால் ஏறக்குறைய 7,000, அதாவது கிலோவுக்கு 1,250. எண்கள் என் அடுப்பங்கரையுடையவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். கூலியையும் லாபத்தையும் மட்டும் ஒன்றாக்கிவிடாதீர்கள். கூலி உங்களுக்கு, கேக் அடுப்பு பழுதாகும் நாளில் காப்பாற்றுவது லாபம்.

அதிகம் என்று முகம் சுளித்தால் வேலையைக் குறைத்துக்கொண்டு விலையை இறக்குங்கள். நாங்கள் நாகர்கோவிலில் இருப்பதால் தோவாளைப் பூச்சந்தை பக்கம். சர்க்கரை ரோஜாவுக்குப் பதில் நிஜ ரோஜா வைத்தால் மூன்று மணி நேரம் மிச்சமாகும். பூவிலை போகவும் நானூறு ரூபாயாவது குறையும். பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள். காம்பில் தாள் சுற்றி, கேக்கில் படாமல் வையுங்கள்.

மூன்றாம் படி: வண்டிக்கூலி

இதை விலைக்குள் ஒளிக்காமல் தனி வரியாக எழுதுங்கள். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர் என்றால் கணக்கு 60. நாம் திரும்பி வர வேண்டாமா? வாடகைக் கார் 1,100, தூக்க ஒரு ஆள் 300, என் மூன்று மணி நேரம் 450, மொத்தம் 1,850. ஊருக்குள் என்றால் 500.

கார் இருக்கை பின்பக்கம் சரிந்துதான் இருக்கும். அதில் வைத்த கேக் மண்டபம் சேரும்போது மேடைப் பேச்சாளர் போலச் சாய்ந்து நிற்கும். அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில், காரின் சமதளமான பகுதியில், ரப்பர் விரிப்பின்மேல் வையுங்கள். ஏ.சி. ஓடட்டும். மண்டபத்தில்தான் அடுக்க வேண்டும். வெட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். மேடை விளக்குக்கு நேர்கீழே வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வைத்து முடித்ததும் படமெடுத்துப் பெண் வீட்டாருக்கு அனுப்புங்கள். பிறகு ஏதாவது குழந்தை விரலை விட்டால் அது உங்கள் கணக்கில் வராது.

நான்காம் படி: அச்சாரம்

ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் தேவாலயக் கல்யாணம் அரிது. மிச்சமிருக்கும் நாள்களில் எல்லாரும் மொத்தமாக வந்து விழுவார்கள். ஒருவருக்குத் தேதி கொடுத்தால் இன்னும் இரண்டு பேரைத் திருப்பி அனுப்புகிறீர்கள். அந்தத் தேதிக்கான விலைதான் அச்சாரம். கேக் விலையில் பாதி வாங்குங்கள். அவர்கள் ரத்து செய்தால் திரும்பாது. தேதி மாறினால், அன்று நமக்குக் கை ஒழிந்தால் புதுத் தேதிக்குச் சேரும். நம்மால் முடியாமல் போனால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். இதையும் எழுதுங்கள், அப்போதுதான் மற்றது நியாயமாகத் தெரியும்.

கேக்கை வைக்கக் கொடுத்தனுப்பும் ஸ்டாண்டுக்கு வாங்குவது வேறு பணம். அது திரும்பக் கொடுப்பதற்கான ஈட்டுத்தொகை. என் முதல் ஸ்டாண்ட் சமையல்காரர்களின் அண்டாக்களோடு லாரியேறிப் போனது. இன்று எந்த ஊர்ப் பந்தியில் லட்டு சுமக்கிறதோ! அதன்பிறகு 1,500 ரூபாய் வாங்காமல் ஸ்டாண்டைக் கொடுப்பதில்லை.

சொந்தக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம் வரும். வாயால் கேட்க வேண்டாம். எல்லாருக்கும் போவது போலவே அவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நான் அனுப்புவது இது:

“வணக்கம். ஜனவரி 22, மாலை 6 மணி, மார்த்தாண்டம். மூன்றடுக்கு வெனிலா கேக், 5.6 கிலோ: 7,000. வண்டியும் அடுக்கும் கூலியும்: 1,850. ஸ்டாண்ட் ஈடு: 1,500 (மூன்று நாளுக்குள் ஸ்டாண்ட் வந்ததும் திருப்பித் தரப்படும்). அச்சாரம் 3,500 வந்ததும் தேதி உங்களுக்கு உறுதி. ரத்து செய்தால் அச்சாரம் திரும்பாது. எங்களால் முடியாமல் போனால் முழுத்தொகையும் திரும்பும். மீதி 6,850 ஜனவரி 15-க்குள். அதன்பிறகு நிறமும் வடிவமும் மாற்ற இயலாது. இந்தத் தேதியை இரண்டு நாள் உங்களுக்காக வைத்திருக்கிறேன்.”

மூன்றாம் நாள் காலை வரை பணம் வராவிட்டால், அடுத்துக் கேட்டவரைக் கூப்பிடுங்கள்.