இரவில் நித்திரை வரவில்லையா? காலையிலிருந்து தொடங்குங்கள்

நித்திரை வராதவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, நேரத்தோடு போய்ப் படுப்பது. 9 மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு 12 மணிவரை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். நாளடைவில், பாயில் சரிந்தாலே விழித்துக் கிடக்க வேண்டும் என்று உடம்பு பழகிவிடும். ஆகவே விடியலில் தொடங்குவோம்.

படி 1: ஒரு கிழமை எழுதிப் பாருங்கள்

படுத்த நேரம், கண்ணயர்ந்த நேரம், இடையில் விழித்தது, எழுந்த நேரம், முதல்நாள் கடைசித் தேநீர், பகல் நித்திரை. காலையில் எழுதினால் போதும், குத்துமதிப்பாகவே. இரவில் மணிக்கூட்டைப் பார்க்கவே வேண்டாம்.

படி 2: எழும்பும் நேரத்தை மாற்றாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். எழுந்ததும் முற்றத்துக்குப் போங்கள். கூட்டுங்கள், பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடலின் உட்கடிகாரம் சரியாக ஓடும். இரவில் நித்திரையைத் தூண்டும் மெலட்டோனின் என்ற சுரப்பு உரிய நேரத்தில் சுரக்கும். முதல் சில நாட்கள் பகலில் கண் சொக்கும். தாங்க முடியாவிட்டால் பின்னேரம் 3 மணிக்கு முன் 20 நிமிடம் சாயலாம், அதற்கு மேல் கூடாது.

படி 3: பின்னேரத் தேநீர்

எனக்குத் தெரிந்தவரை, நம்மவர்கள் அதிகம் கவனிக்காத காரணம் இதுதான். "பால் விடாத வெறும் பிளேன்டீதானே" என்பார்கள். நித்திரையை விரட்டும் கஃபீன் இருப்பது தேயிலையில். பால் விட்டாலும் விடாவிட்டாலும் ஒன்றுதான். உடலுக்குள் போன கஃபீனில் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி, இரவு 10 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். பகல் 2 மணியோடு நிறுத்துங்கள். போன வீட்டில் தேநீர் நீட்டினால் மறுக்க மனம் வராதுதான். மல்லித்தண்ணீர் கேளுங்கள், யாரும் குறை நினைக்க மாட்டார்கள். கள்ளும் சாராயமும் விரைவில் அயர வைத்து, பின்னிரவில் நித்திரையைக் குலைத்துவிடும்.

படி 4: வெளிநாட்டு அழைப்புகள்

கோடையில் லண்டனில் இரவு 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் நள்ளிரவு 12.30. வேலை முடிந்து வந்த மகன் ஆசையோடு எடுப்பான், தாய் காத்திருப்பார். கதைத்து முடித்த பின் மனம் அடங்க இன்னும் ஒரு மணி நேரம். ஞாயிறு பகல் கதைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இதைச் சொல்வதில் தவறே இல்லை.

படி 5: அறை

நித்திரைக்கு உடல்சூடு சற்று இறங்க வேண்டும். சித்திரை வெக்கையில் அது கடினம். படுக்க ஒரு மணி நேரம் முன்பு மேல் கழுவுங்கள், மின்விசிறிக் காற்று நுளம்பு வலைக்குள் வருமாறு வையுங்கள்.

படி 6: வராவிட்டால் எழும்புங்கள்

20 நிமிடம் போல் ஆகியும் கண்ணயராவிட்டால் எழுந்து வேறிடத்தில் மங்கலான வெளிச்சத்தில் இருங்கள். கைத்தொலைபேசி வேண்டாம். கண் சொக்கும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் படுக்கையைக் கண்டதும் விழிப்பு வரும் பழக்கத்தை உடைப்பது இதுவே.

வைத்தியரிடம் போக வேண்டியவர்கள்

பலத்த குறட்டையோடு இடையிடையே மூச்சு நிற்பவர்கள், கிழமைக்கு 3 இரவாவது நித்திரை வராமல் 3 மாதம் கடந்தவர்கள், போர்க்கால நினைவுகள் கனவாக வந்து எழுப்புபவர்கள் தாமதிக்க வேண்டாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மருந்துக்கடையில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்காதீர்கள். ஏற்கெனவே நெடுநாள் பழகியவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; வைத்தியர் சொல்லும் அளவில் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.