'புரிஞ்சுதா?'ன்னு கேக்கறதை விட்டுட்டு வகுப்பை மாத்தறது எப்படி

கல்வியில மாற்றம் வேணும்னு யாராவது ஆரம்பிச்சாலே பேச்சு பாடத்திட்டம், பாலிசி, ஸ்மார்ட் போர்டுன்னு மேல மேல போயிடும், நாலாம் வகுப்புல மூணாவது பெஞ்சுல உக்காந்திருக்கற பையனுக்குக் கழித்தல் வருதா வரலையாங்கறது மட்டும் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. நான் 19 வருஷமா கிராமத்து நடுநிலைப் பள்ளில 3, 4, 5 வகுப்பு எடுக்கறேன், அதுல முதல் பத்து வருஷம் எனக்கே அது தெரியாது. பாடம் நடத்துவேன், "புரிஞ்சுதா?"ன்னு கேப்பேன், "புரிஞ்சுது சா...ர்"னு கோரஸா வரும், அடுத்த பாடத்துக்குப் போயிடுவேன். பரீட்சை பேப்பர் திருத்தும்போதுதான் தலையில கை வைப்பேன்.

அதனால இங்க நான் சொல்லப்போறது ஜி.ஓ. (அரசாணை) வராம, ஃபண்டு வராம, நாளைக்கே உங்க வகுப்புல நீங்க மாத்திக்கக்கூடிய விஷயங்க மட்டும்தான். எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கறது ஒரே ஒரு வேலை: யாருக்குப் புரியலைன்னு அன்னிக்கே கண்டுபிடிக்கறது.

முதல் வாரம் பாடமே எடுக்காதீங்க

ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் முதல் பாடத்தைப் பிரிக்கற பழக்கத்தை விடுங்க. ஒரு 40 பக்க நோட்டு எடுத்துக்கோங்க. பிள்ளைங்களை ஒவ்வொருத்தரா வராண்டாவுக்குக் கூப்பிட்டு 3 நிமிஷம் உக்கார வைங்க. மத்தவங்களுக்குப் படம் வரையறதோ விளையாட்டோ குடுத்துடுங்க. ரெண்டாம் வகுப்பு புக்குல இருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்க, வரலையா ஒரு வரி, அதுவும் வரலையா தனித்தனி வார்த்தை, அதுவும் வரலைன்னா எழுத்து. அதே மாதிரி ஒரு கூட்டல், ஒரு கழித்தல். மார்க் போடவே கூடாது, "பத்தி", "வரி", "வார்த்தை", "எழுத்து"ன்னு மட்டும் எழுதி வைங்க. தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்தப்போ பிள்ளைங்களை லெவல் வாரியா அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சாங்கல்ல, அதே சங்கதிதான், ஆனா தாள்ல எழுத வெச்சுப் பிரிக்கறதுக்கும் நம்ம காதால கேட்டுப் பிரிக்கறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். நல்ல கையெழுத்துல போர்டைப் பாத்து அழகா எழுதற பொண்ணு ஒரு வார்த்தைகூட வாசிக்கத் தெரியாம இருந்ததை நான் அந்த வராண்டாவுலதான் முதல் தடவையா பார்த்தேன், அஞ்சாம் வகுப்பு பொண்ணு அது!

இதைச் செஞ்சு முடிச்சதும் ஹெச்.எம். ஒத்துக்கிட்டா தினமும் ஒரு மணி நேரம் மட்டும் 3, 4, 5 வகுப்புங்கற சுவரை எடுத்துடுங்க. எழுத்து லெவல்ல இருக்கறவங்க எல்லாம் ஒரு ரூம், வரி வாசிக்கறவங்க ஒரு ரூம். பிரதம்ங்கற கல்வித் தொண்டு அமைப்பு இந்தியா முழுக்க பல மாநிலத்துல இப்படித்தான் செய்யறாங்க, 2019ல பொருளாதார நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் அவங்க கூட சேர்ந்து மும்பையிலயும் வதோதராவுலயும் ஆராய்ச்சி பண்ணி, பின்தங்கின பிள்ளைங்களுக்கு அவங்க நிக்கற இடத்துல இருந்து சொல்லிக்குடுத்தா பலன் இருக்குன்னு காட்டினாங்க. பெரிய பிள்ளைங்க சின்னவங்களோட உக்கார கூச்சப்படுவாங்க, அதுக்கு ரூமுக்கு அஞ்சாவது, மூணாவதுன்னு பேர் வைக்காம பறவை பேரு வெச்சுடுங்க. மயில் ரூம், குருவி ரூம். ரெண்டு நாள்ல பழகிடும்.

ஈராசிரியர் பள்ளியா? அப்போ ரூம் கிடையாது, ஒரே ரூம்ல ரெண்டு மூலை, அவ்வளவுதான்.

ஸ்லேட்டைத் திரும்பக் கொண்டு வாங்க

இதுதான் நான் சொல்லறதுலேயே முக்கியமானது, மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல.

40 பிள்ளைங்க இருக்கற வகுப்புல நாம கேள்வி கேட்டா கை தூக்கறது எப்பவும் அதே அஞ்சு பேர். அவங்க பதிலை வெச்சுக்கிட்டு வகுப்பே புரிஞ்சுக்கிச்சுன்னு நாம நம்பிடறோம். இதுக்கு மருந்து ஆளுக்கொரு ஸ்லேட்டு. கேள்வி கேளுங்க, எல்லாரும் எழுதணும், எழுதினதும் ஸ்லேட்டை நெஞ்சோட அணைச்சு வெச்சுக்கணும், நீங்க "மூணு"ன்னு சொன்னதும் ஒரே நேரத்துல தூக்கிக் காட்டணும். அந்த அணைச்சு வைக்கறது ரொம்ப முக்கியம், இல்லாட்டி பக்கத்து ஸ்லேட்டைப் பாத்து எழுதிடுவாங்க, ஈயடிச்சான் காப்பிதான் மிஞ்சும். ஸ்லேட்டு கிடைக்கலைன்னா வெள்ளை ஏ4 தாளை லேமினேட் பண்ணி மார்க்கர் குடுங்க, வருஷம் முழுக்க வரும். துடைக்க ஈரத்துணி ஒண்ணு. (எங்க காலத்துல கோவை இலையைக் கசக்கித் துடைப்போம், இப்போ எச்சிலைத் தொட்டுத் துடைக்கற பசங்களை விரட்டறதே ஒரு வேலை.)

ஒரு நாள் 52ல 27 போனா எத்தனைன்னு கேட்டேன். ஸ்லேட்டு மேல வந்துச்சு. 34 பேர்ல 11 பேர் 35ன்னு எழுதியிருந்தாங்க. தப்புன்னா ஆளுக்கொரு தப்பு வரணும், 11 பேருக்கு ஒரே தப்பு எப்படி வரும்? ஒருத்தனைக் கூப்பிட்டு "எப்படிடா வந்துச்சு?"ன்னு கேட்டேன், திட்டற குரல்ல இல்லாம சும்மா. அவன் சொன்னான், "பெருசுல இருந்துதான சார் சின்னதைக் கழிக்கணும், ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு. நீங்கதான சார் சொன்னீங்க?" ஆமா, நான்தான் சொன்னேன், முந்தின வருஷம் ஒற்றை இலக்கக் கழித்தல் நடத்தும்போது சொல்லியிருக்கேன், அவன் அதைப் பத்திரமா வெச்சிருக்கான்.

அதுக்கப்புறம் போர்டுல எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் பிரயோஜனம் இல்ல. ஈர்க்குச்சி எடுங்க, பத்துப்பத்தா ரப்பர்பேண்டு போட்டுக் கட்டுங்க. அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. இதுதான் 52. இதுல இருந்து எனக்கு 27 குடுன்னு கேளுங்க. ரெண்டு கட்டை டக்குன்னு குடுத்துடுவான், ஏழு உதிரி கேட்டா கையில ரெண்டுதான் இருக்கும், முழிப்பான். நீங்க வாயைத் திறக்காதீங்க. கொஞ்ச நேரத்துல அவனே ஒரு கட்டைப் பிரிப்பான். அந்தப் பிரிக்கற நிமிஷம்தான் பாடம். அதுல இருந்து எங்க வகுப்புல "கடன் வாங்கறது"ங்கற வார்த்தையையே எடுத்துட்டேன், ஏன்னா ஒரு பொண்ணு "கடன் வாங்கினா திருப்பித் தரணும்ல மிஸ்னு எங்க பழைய டீச்சர்கிட்ட கேட்டேன், உக்காருன்னுட்டாங்க"ன்னு சொல்லுச்சு. நியாயமான கேள்வி. இப்போ நாங்க "கட்டைப் பிரி"ன்னுதான் சொல்றோம்.

பத்தாவது, பன்னெண்டாவது எடுக்கறவங்க இது சின்னப் பசங்க வேலைன்னு நினைக்க வேணாம், ஒரு மார்க் கேள்விக்கு அ, ஆ, இ, ஈன்னு ஸ்லேட்டுல எழுதித் தூக்கச் சொல்லிப் பாருங்க, எந்தப் பாடத்துல ஓட்டை இருக்குன்னு 30 செகண்டுல தெரிஞ்சிடும்.

கேள்வி முதல்ல, பேர் அப்புறம்

"குமாரு, தமிழ்நாட்டோட மாநில மரம் எது?"ன்னு கேட்டா குமாரைத் தவிர மத்த 39 பேரும் மூளையை மூடிடுவாங்க. "மாநில மரம் எது?"ன்னு கேட்டுட்டு நிறுத்துங்க. மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க. அப்புறம் பேர் சொல்லுங்க. மேரி பட் ரோங்கற அமெரிக்க ஆய்வாளர் 1970கள்லயே கணக்கு எடுத்துப் பார்த்திருக்காங்க, டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு சராசரியா ஒரு செகண்டுதான் காத்திருக்காங்களாம், அதை மூணு செகண்டாக்கினதும் பதில் நீளமாச்சு, வழக்கமா பேசாத பிள்ளைங்களும் பேச ஆரம்பிச்சாங்க. மூணு செகண்டு என்ன பெரிசான்னு தோணும். வகுப்புல நின்னு பாருங்க, மூணு யுகம் மாதிரி இருக்கும், நாமளே பதிலைச் சொல்லிடலாமான்னு நாக்கு துடிக்கும்.

பேர் எடுக்க குச்சி ஐஸ் குச்சில ஒவ்வொருத்தர் பேரும் எழுதி டம்ளர்ல போட்டு வைங்க. எடுத்த குச்சியைத் திரும்ப டம்ளர்லயே போட்டுடணும், இல்லாட்டி ஒரு தடவை பதில் சொன்னவன் அன்னிக்கு ரிட்டையர் ஆயிடுவான்.

சட்டாம்பிள்ளையை வேற மாதிரி பயன்படுத்துங்க

நம்ம ஊர் திண்ணைப் பள்ளிக்கூடத்துல மூத்த பையன் சின்னவங்களுக்கு மணல்ல எழுத்து சொல்லிக்குடுப்பான், அவன்தான் சட்டாம்பிள்ளை. 1789ல எழும்பூர்ல இருந்த ஆண் அனாதைப் பள்ளிக்குப் பொறுப்பா வந்த ஆண்ட்ரூ பெல்ங்கற பாதிரியார், இந்த ஊர்ப் பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கறதைப் பாத்துட்டுதான் தன் பள்ளில அதைக் கொண்டு வந்தார், பிள்ளைங்களையே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க வெச்சார், இங்கிலாந்து போய் 1797ல அதை எழுதினார், அங்க அது 'மெட்ராஸ் முறை'ன்னே பரவுச்சு. நாம என்ன பண்ணோம், சட்டாம்பிள்ளையை லீடர் ஆக்கி போர்டுல பேசறவன் பேரை எழுத விட்டுட்டோம்.

ஜோடி போடும்போது ஃபர்ஸ்ட் ரேங்க் பிள்ளையையும் கடைசி பிள்ளையையும் சேக்காதீங்க. முதல் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, கடைசிப் பிள்ளைக்கு அவமானம். நோட்டுல பாருங்க, "வரி" வாசிக்கறவனை "வார்த்தை" வாசிக்கறவனோட போடுங்க, ஒரு படி வித்தியாசம் போதும். சொல்லிக்குடுக்கறவன் பதில் சொல்லக்கூடாது, "இது என்ன எழுத்து?"ன்னு கேள்விதான் கேக்கணும்னு ஒரே ஒரு ரூல். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஜோடியை மாத்துங்க.

உக்கார வைக்கறது பத்தியும் ஒரு வார்த்தை. 2025ல ப வடிவத்துல பெஞ்ச் போடறது பத்தி ஊரெல்லாம் பேச்சா இருந்துச்சு. பேச்சுப்போட்டி, கதை, விவாதம்னா ப வடிவம் அருமை. போர்டைப் பாத்துக் கணக்குப் போடற பீரியட்ல ரெண்டு ஓரத்துல இருக்கறவன் கழுத்தைத் திருப்பியே வெச்சிருக்கணும், பாவம். அன்னன்னிக்கு வேலைக்குத் தக்க மாத்துங்க.

247 எழுத்தும் முடியட்டும்னு காத்திருக்காதீங்க

எழுத்து லெவல் பிள்ளைங்களுக்கு அ, ஆன்னு வரிசையா ஒப்பிக்க வரும், நடுவுல ஒண்ணைக் காட்டினா தெரியாது. ட, ப, ம மூணும் புள்ளியும் தெரிஞ்சாலே படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். அடுத்து கால் ஒண்ணு சேத்தா பாடம், மாடம், பாட்டம். முதல் வாரத்துலயே ஒரு வார்த்தையை வாசிச்சுட்டோங்கற சந்தோஷம் பிள்ளைக்கு வந்துடணும். தினமும் 15 நிமிஷம், சத்தமா, ஆளாளுக்கு. கோரஸா வாசிச்சா மறுபடியும் "புரிஞ்சுது சார்" கதைதான்.

போர்ஷன் முடியாதேன்னு கேப்பீங்க

கேக்கத்தான் செய்வாங்க, ஹெச்.எம். கேப்பார், பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) விசிட் வந்தா பாடக்குறிப்பைத்தான் முதல்ல பார்ப்பார். கேள்வி பதிலைப் போர்டுல எழுதிப் போட்டு நோட்டுல காப்பி பண்ண விடற நேரம் வாரத்துக்கு எத்தனை பீரியட்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க, எனக்கு நாலு வந்துச்சு. அந்த நாலு போதும். விசிட்ல கேட்டா கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29ஐக் காட்டுங்க, செயல்பாடு வழியா, பிள்ளையே கண்டுபிடிச்சுக் கத்துக்கற மாதிரி நடத்தணும்னு சட்டத்துலயே இருக்கு.

பெத்தவங்க விஷயம் அதைவிடக் கஷ்டம். 2003ல சென்னை மாநகராட்சில 13 பள்ளில ஆரம்பிச்சு, ஆந்திராவுல இருக்கற ரிஷி வேலிப் பள்ளியோட முறையைப் பாத்து, 2007 வாக்குல மாநிலம் முழுக்க போன செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கா, பிள்ளைங்களே எடுத்துப் படிக்கற அட்டை, எந்தப் படில நிக்கறாங்கன்னு காட்டற ஏணிப்படி, தரையோரமா பிள்ளைங்க எழுத கீழ்மட்டக் கரும்பலகை? நல்ல யோசனை. ஆனா எங்க ஊர்ல "புக்கு எங்க, நோட்டு எங்க, வாத்தியார் ஏன் கீழ உக்காந்திருக்கார்?"னுதான் கேட்டாங்க, அவங்களுக்கு யாரும் காட்டவே இல்ல. அதனால பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல புள்ளிவிவரம் வாசிக்காதீங்க, ஜூன்ல "எழுத்து"ன்னு எழுதி வெச்ச பிள்ளையை அம்மா முன்னாடி ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்க. எங்க கூட்டத்துல அப்படி வாசிச்சப்போ ஒரு அம்மா புக்கைப் பிடுங்கி வேற பக்கத்தைத் திருப்பி "இதை வாசிடி"ன்னாங்க, மனப்பாடமான்னு பாக்கறாங்களாம். என்னைவிட நல்ல டீச்சர்!

ஆறு வாரம் கழிச்சு

எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா பத்து நாள்ல களைச்சுப்போய் பழையபடி ஆயிடுவீங்க. ஒரு சப்ஜெக்ட், ஒரு பீரியட், ஸ்லேட்டு மட்டும்னு ஆரம்பிங்க. தினமும் முதல் 5 நிமிஷம் மூணு கேள்வி, நேத்து நடத்தினதுல ஒண்ணு, போன வாரத்துல ஒண்ணு, போன மாசத்துல ஒண்ணு. நோட்டு திருத்தறதுல எல்லா நோட்டுக்கும் சிவப்பு டிக் போடறதை விட்டுட்டு ஒரு நாளைக்கு அஞ்சு நோட்டு மட்டும் திருத்துங்க, அந்தப் பிள்ளையைப் பக்கத்துல நிக்க வெச்சு.

ஆறாவது வாரம் அதே வராண்டா, அதே 40 பக்க நோட்டு, வேற கலர் பேனா. பெரும்பாலானவங்க ஒரு படியாவது ஏறியிருப்பாங்க. ஏறாத ரெண்டு மூணு பேரைச் சோம்பேறின்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி போர்டுல இருந்து கடைசி பெஞ்ச் தூரத்துல நிக்க வெச்சு எழுத்தைக் காட்டிப் பாருங்க, முதுகுக்குப் பின்னாடி நின்னு மெதுவா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. நான் ஒரு பையனை ரெண்டு வருஷம் மக்குன்னே நினைச்சிருந்தேன், அவனுக்குப் போர்டே தெரியல, பக்கத்துல இருக்கறவன் நோட்டைப் பாத்துத்தான் எழுதிக்கிட்டிருந்திருக்கான். ஸ்கூலுக்கு நடமாடும் மருத்துவக் குழு வருவாங்க, எந்தத் தேதின்னு ஹெச்.எம்.கிட்ட முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க, அன்னிக்கு அந்தப் பிள்ளைங்க லீவு போடாம இருக்க முந்தின நாளே வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க.