இதய உறையை உரிக்கும் ஆபரேஷன்: கூட இருந்து பார்த்துக்கொள்வது எப்படி?

அப்பாவுக்கு வயிறு உப்பி, கால் வீங்கியதும் எல்லாரும் ஈரல் என்றார்கள். குடிக்காத மனுஷன். எட்டு மாதம் ஈரல் மாத்திரை. கடைசியில் ஒரு டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தால் அடங்க வேண்டிய கழுத்து ரத்தக்குழாய், அப்பாவுக்கு இன்னும் புடைத்தது. ஸ்கேனில் இதயத்தைச் சுற்றி முட்டை ஓடு மாதிரி வெள்ளைக் கோடு. எப்போதோ வந்த டிபி செய்த வேலை. இதயத்தை மூடியிருக்கும் உறை இறுகிப்போய், அதை விரிய விடாமல் பிடித்திருந்தது; அந்த உறையை உரிக்கத்தான் ஆபரேஷன். வயிற்றில் நீரும் கழுத்து ரத்தக்குழாய்ப் புடைப்பும் சேர்ந்திருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள்.

சர்ஜனிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது, உறையை எவ்வளவு எடுப்பீர்கள் என்பது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் வெட்டினால் இறுக்கம் திரும்ப வரலாம். எங்கள் சர்ஜன் பேப்பரில் வரைந்தே காட்டினார்: நெஞ்செலும்பைப் பிளந்து, உதரவிதானத்துக்குப் போகும் இடது நரம்பிலிருந்து வலது நரம்பு வரை உரிப்பாராம். முதலில் இடது கீழறை. வலதை முதலில் அவிழ்த்தால், பாய்ந்து வரும் ரத்தத்தை இறுகிக்கிடக்கும் இடப்பக்கம் வாங்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தசைக்குள் புதைந்த சுண்ணாம்புத் துண்டை விட்டுவிடுவார்கள். அதை அரைகுறை வேலை என்று நினைக்காதீர்கள். பிடுங்கினால் இதயமே கிழியும்.

ரத்தம் கொடுக்க ஆள் முன்பே சொல்லி வையுங்கள். டிபி மாத்திரை ஓடினால், டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விடாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது அந்த மாத்திரையால்தான். நான் பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டுச் சிரிப்பு வாங்கினேன். நாடி வேகமாக அடிக்கிறதே என்று பழைய சீட்டில் இருக்கும், துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். விரிய முடியாத இதயம் வேகமாக அடித்துத்தான் ஈடுகட்டுகிறது.

ஐசியுவில் முதல் சில நாள் கஷ்டம். மாவுக்கட்டு பிரித்த கை மாதிரி இதயம் சோர்ந்திருக்கும், மருந்தில்தான் ஓடும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லும்வரை குடம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு முக்கியம் எடை மெஷின். காலையில் கக்கூஸ் போய்வந்து, காபிக்கு முன், அதே மெஷினில், அதே கைலியில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே போன் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை ஏறியது. விசாரித்தால், அடுப்படி அலமாரிக்குப் பின்னால் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில். அந்த உப்புதான் உடம்பில் நீரைத் தேக்கியிருக்கிறது. வீக்கம் ஒரே நாளில் வடியாது. அப்பாவுக்கு 71-ல் தொடங்கி 60-ல் வந்து நிற்க மூன்று மாதம் ஆனது.